அழுகலா, வற்றலா?

கேள்வி: ஹங்கேரியின் தேசிய கீதத்திலேயே டோக்காய் ஒயின் இடம்பெறுகிறதாமே? அதைப் பூஞ்சை பிடித்த திராட்சையிலிருந்து செய்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். கெட்டுப்போன பழத்தில் இனிப்பு எப்படிக் கூடும்? அது அந்த மண்ணின் குணமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஆம். கவிஞர் கோல்ச்செய் 1823இல் எழுதிய அந்தப் பாடலில், டோக்காய் பகுதியின் திராட்சைக் கொடிகளில் இறைவன் அமுதம் சொட்டச் செய்தான் என்று ஒரு வரி வருகிறது.

இனிப்புக்கு மண்ணைவிட மூடுபனியே முதற்காரணம். போட்ரோக், திசா ஆகிய இரு ஆறுகள் கூடும் அப்பகுதியில், இலையுதிர்கால விடியலில் எழும் பனி கொடிகளின் மேல் படிய, பொட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை பழத்தோலில் நுண்ணிய துளைகளை இடுகிறது. பகலில் வெயிலும் காற்றும் அத்துளைகளின் வழியே நீரை இழுத்துவிடுவதால், பழம் கொடியிலேயே சுருங்கி, சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே செறிகின்றன. வெயில் வராமல் ஈரமே நீடித்தால் இதே பூஞ்சை பழத்தை நாசமாக்கிவிடும். எனவே அதை அழுகல் என்பதைவிட வற்றல் என்பதே சரி. ‘அசூ’ என்று அவர்கள் அப்பழத்துக்கு வைத்திருக்கும் பெயருக்கும் காய்ந்தது என்றுதான் பொருள்.

மண்ணுக்கும் பங்கில்லாமல் இல்லை. எரிமலைப் பாறை சிதைந்த களிமண்ணில் விளைவது இறுக்கமான ஒயின்; டோக்காய் மலையில் காற்று கொண்டுவந்து சேர்த்த மென்மண்ணில் விளைவது மிருதுவானது. ஆனால், அந்த எரிமலையின் பெருங்கொடை நிலத்தடியில்தான் இருக்கிறது என்பேன்: குடைவதற்கு எளிதான பாறையில் வெட்டிய ஈரமான நிலவறைகளில், ஒயின் ஆவியை உண்டு வளரும் கரும்பூஞ்சை சுவரெங்கும் கம்பளம்போல் படர்ந்திருக்க, பீப்பாய்கள் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன.

காய்ந்த பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குவது பழைய வழக்கம். 136 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 25 கிலோ கொள்ளும் கூடைகள் எத்தனை சேர்த்தார்கள் என்பதைக் கொண்டே முன்பு தரம் சொன்னார்கள். இன்று லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை என்பது விதி. போர் அச்சத்தால் அறுவடையைத் தள்ளிப்போட்ட ஒரு பாதிரியார் 1630 வாக்கில் தற்செயலாக இம்முறையைக் கண்டார் என்ற கதை பிரபலம். அழகான கதைதான், ஆனால் ‘அசூ’ என்ற சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது. 1737இல் அரசாணையே இப்பகுதியின் எல்லையை வரையறுத்தது.

பனியும் வெயிலும் ஒத்துவராத ஆண்டில் அசூ பழம் போதிய அளவு கிடைப்பதில்லை. அப்போது ஃபுர்மின்ட் என்னும் அப்பகுதித் திராட்சை வகையை முன்கூட்டியே பறித்து, இனிப்பில்லாத ஒயினாக்கிவிடுகிறார்கள்.