இரவில் சரியாக இருக்கும் பின்பால் மேசை பகலில் ஏன் இருட்டாகத் தெரிகிறது?

கணினி பின்பால் மேசையில் பகல்-இரவு மதிப்பை (மேசைக் காட்சியின் வெளிச்ச அளவு) எவ்வளவு ஏற்றினாலும் பகலில் ஆடுதளம் மங்கலாகவே இருக்கிறது என்கிறீர்கள். அந்த மதிப்பை மேசைக்கு மேசை மாற்ற, மேசைகளை வடிவமைக்கும் எடிட்டரைத் திறக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது விஷுவல் பின்பால் (கணினியில் பின்பால் ஆடும் மென்பொருள்) 10.8 என்றால் ஆட்டத்தின் நடுவிலேயே எஃப்12 அழுத்தி மெனுவில் மாற்றிச் சேமியுங்கள். அந்த மேசைக்கான ஐஎன்ஐ கோப்பில் (அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பு) பதிந்துவிடும்.

நீங்கள் சொல்வதுபோல் எவ்வளவு ஏற்றினாலும் ஆடுதளம் மங்கலாகவே இருந்தால், பெரும்பாலும் அந்த மேசையின் ஒளி முன்கூட்டியே படமாகப் பதிக்கப்பட்டது. மதிப்பை 0-க்கும் பிறகு 100-க்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். பந்து மட்டும் வெளுத்து, ஆடுதளம் அப்படியே நின்றால் சந்தேகமே இல்லை. இத்தகைய மேசைகள் சிலவற்றில் அறை வெளிச்சத்துக்கென்றே தனி அமைப்பு உண்டு, அதே எஃப்12 மெனுவில். அதைத் தொடுங்கள்.

இதற்கு முன் மேசையைக் காட்டும் டிவியின் ஒளி உணரியையும் டைனமிக் கான்ட்ராஸ்டையும் (திரையின் வெளிச்சத்தைத் தானாக மாற்றுபவை) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுக்கும்.

ஒரு எச்சரிக்கை: பகலுக்காக மிகவும் ஏற்றினால் இன்செர்ட் விளக்குகள் (ஆடுதளத்தில் பதித்த சிறு விளக்குகள்) எரிகிறதா அணைந்ததா என்றே தெரியாது. திரைக்கு மேலுள்ள கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலித்தால் திரைச்சீலைதான் வழி.