குடியை நிறுத்தும் கூட்டம்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: அண்ணன் குளச்சலில் விசைப்படகில் போகிறான். கரைக்கு வந்தால் குடிதான். இப்போது அவனே "ஏ.ஏ. கூட்டத்துக்குப் போறேன்" என்கிறான். எங்கே நடக்கிறது என்று யாரிடம் கேட்பது?

ப: ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற குழு. அவனே சொல்லும்போது தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே கூட்டிப் போங்கள். இந்தக் கூட்டங்கள் விளம்பரம் இல்லாமல் நடப்பவை, தெருவில் விசாரித்தால் பதில் கிடைக்காது. ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் தேடுங்கள், இல்லையென்றால் 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணில் கேளுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: குழுக்கள் நாளையும் ஹாலையும் மாற்றிவிடும், போன் செய்து உறுதி செய்துகொண்டு பஸ் ஏறுங்கள். அப்புறம், நாள்கணக்கில் கடலில் தங்குகிறவரால் வாராவாரம் வர முடியாது. அதனால் முதல் கூட்டத்திலேயே நம்பிக்கையான மூத்த உறுப்பினர் ஒருவரின் நம்பரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கரையில் இறங்கிப் பங்குப் பணம் கைக்கு வருகிற அந்தச் சாயங்காலம்தான் ஆபத்தானது, அன்று வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவரைக் கூப்பிட வேண்டும்.

கே: நாங்கள் இந்துக் குடும்பம். கூட்டம் சர்ச் ஹாலில் நடக்கிறதாம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.

ப: நம்ம மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஹால் இடத்துக்காக எடுப்பது, அவ்வளவுதான். 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியிலிருந்து மீண்ட இரண்டு பேர், ஒருவர் பங்குச்சந்தைக்காரர், இன்னொருவர் டாக்டர், ஆரம்பித்த இயக்கம் இது. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்வதில்லை என்பது அதன் எழுதப்பட்ட மரபு. குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் 12 படிகளில் கடவுள் என்ற வார்த்தை வருகிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அது அய்யா வைகுண்டராகவோ முத்தாரம்மனாகவோ இருக்கலாம், சாமியே இல்லை என்பவரும் உட்காரலாம். ஒரு குழுவில் யாராவது மதப் பிரசங்கம் செய்தால் வேறு குழுவுக்குப் போய்விடுங்கள்.

கே: அங்கே போனால் பேசியே ஆகணுமா? கட்டணம் எவ்வளவு? தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

ப: "இன்னைக்குக் கேட்க வந்தேன்" என்று சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். பெயர் மட்டும் சொன்னால் போதும், ஊர், ஜாதி, வேலை வேண்டாம். கட்டணம் இல்லை, கடைசியில் காணிக்கை மாதிரி ஒரு பை வரும், புதியவர் ஒன்றும் போட வேண்டியதில்லை. கூட வீட்டு ஆளும் வருவதாக இருந்தால் திறந்த கூட்டமா என்று முன்னாலேயே கேளுங்கள், மூடிய கூட்டத்துக்குக் குடிப்பிரச்சினை உள்ளவர் மட்டும்தான் போகலாம். தெரிந்த முகம் பயம் என்றால் தக்கலைக்காரர் நாகர்கோவிலுக்குப் போகட்டும். களியக்காவிளைக்காரருக்கு மலையாளம் சிரமம் இல்லை என்றால் திருவனந்தபுரம் பக்கக் கூட்டங்களும் இருக்கின்றன. முதல் குழு ஒத்துவராவிட்டால் இன்னொன்றைப் பாருங்கள்.

கே: மாமாவுக்குக் காலையில் எழுந்ததுமே ஒரு குவாட்டர் வேண்டும். நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று இரண்டு நாள் ரூமில் பூட்டி வைக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. காலையிலேயே கேட்கிறது என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத ஆளும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியும், ஆள் யாரென்று புரியாது, காய்ச்சல் வேறு. இதைப் பேய் பிடித்தது என்று எண்ணி மந்திரவாதியிடமும் ஜெபக்கூட்டத்துக்கும் தூக்கிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த நேரத்தில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே நடுக்கத்தைக் குறைக்கிற மாத்திரையும் தயமின் எனும் பி1 ஊசியும் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பினால் போதாது, பி1 போட்டார்களா என்று கேளுங்கள், அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று கிடையாது, உடம்பு தேறிய பிறகு மனசுக்குத் துணையாக இருப்பது அது. இன்னொரு விஷயம்: குடியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஏ.ஏ.வில் விதி இல்லை, விடணும் என்ற ஆசை இருந்தால் போதும்.

கே: சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடி ஆன்லைனில் விற்கிறார்கள். வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாமா?

ப: கூடாது. பொடிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்கிற மருந்து) போல ஒன்று கலந்திருந்து, அதைச் சாப்பிட்ட பிறகு அவர் குடித்தால் முகம் சிவந்து வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், இதயக் கோளாறு உள்ளவர் செத்தே போகலாம். டாக்டர் அந்த மருந்தைக் கொடுப்பதானாலும் குடிப்பவர் சம்மதித்த பிறகுதான். உங்களுக்காக அல்-அனான் என்ற குடும்பத்தினர் கூட்டம் இருக்கிறது, 1951-ல் தொடங்கியது. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். அவரைத் திருத்துகிற வித்தை அங்கே சொல்லித்தர மாட்டார்கள், பாட்டிலை ஒளித்து வைப்பதும் வேலையிடத்துக்குப் பொய் சொல்லிக் காப்பாற்றுவதுமாக நீங்கள் தேய்ந்து போகாமல் இருக்கப் பழக்குவார்கள். அடி உதை இருந்தால் கூட்டம் பிறகு, முதலில் 181 என்ற பெண்கள் உதவி எண்.

கே: நான் பெண். நானும் குடிக்கிறேன். அங்கே எல்லாம் ஆண்களாக இருப்பார்களே?

ப: பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முதலில் ஆன்லைனில் பெண்கள் கூட்டம் ஒன்றில் கேமராவை அணைத்து வைத்துக் கேளுங்கள், நேரில் போவதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.