கேள்வி - பதில்: ஊருக்குள் ஓடும் டேங்கர் ரயில்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். 2025 ஜூலையில் திருவள்ளூரில் டீசல் டேங்கர்கள் எரிந்ததைப் பார்த்த பிறகு, ராத்திரி கூட்ஸ் போனாலே தூக்கம் போய்விடுகிறது. அமெரிக்காவிலும் இப்படி ஒரு ஊர் எரிந்ததாமே, அங்கே கருவியெல்லாம் இல்லையா? (அரக்கோணம் வாசகர்)

பதில்: இருந்தது. வேலையும் செய்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்று ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2023 பிப்ரவரி 3 இரவு, நார்ஃபோக் சதர்ன் கம்பெனியின் கூட்ஸ் அங்கே தடம் புரண்டது. கவிழ்ந்த 38 பெட்டிகளில் 11-ல் அபாயகரமான சரக்கு, அதிலும் 5 டேங்கர்களில் வினைல் குளோரைடு. நம் வீட்டு பிவிசி பைப்புக்கு மூலப்பொருள்தான், ஆனால் புற்றுநோய் தரக்கூடியது. இத்தனைக்கும் காரணம் சூடேறிப் பழுதான ஒரு சக்கரத்தின் பேரிங் (அச்சு உராயாமல் சுழல உதவும் பாகம்).

தண்டவாள ஓரத்தில் பேரிங் சூட்டை அளக்கும் கருவிகளை வைத்திருந்தார்கள். முதல் கருவி, சுற்றுப்புறத்தைவிட சுமார் 21 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்றது. 17 கிலோமீட்டர் தள்ளி அடுத்தது, 57 டிகிரி கூடுதல். கம்பெனி விதிப்படி ஏறக்குறைய 94 டிகிரியைத் தாண்டினால்தான் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும், ஆகவே யாரும் நிறுத்தவில்லை. அந்த இரண்டாவது கருவி இருந்த சேலம் (நம்ம சேலம் இல்லை, ஒஹாயோ சேலம்) ஊரில் ஒரு சிசிடிவி கேமராவில் பெட்டிக்கு அடியில் தீ தகதகவென்று எரிந்துகொண்டே போவது தெரிகிறது! மூன்றாவது கருவி அங்கிருந்து இன்னும் 31 கிலோமீட்டர். அது 141 டிகிரி கூடுதல் என்று அலறியபோது டிரைவர் பிரேக் போட்டார், அதற்குள் பேரிங் கழன்றாயிற்று.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு கருவி, எத்தனை டிகிரியில் நிறுத்துவது என்பதையெல்லாம் அப்போது கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம், அரசு விதி கிடையாது. என் கோபம் அந்த இடத்தில்தான். நம் ஊரில் கூட்ஸ் கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு வெளியே வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், சும்மா வழியனுப்ப இல்லை, எந்தச் சக்கரத்திலாவது புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்க்கத்தான்.

மூன்றாம் நாள் நடந்தது இன்னும் கொடுமை. டேங்கர்கள் வெடித்துவிடும் என்று பயந்து, அந்த 5 டேங்கர்களையும் துளைத்து வேண்டுமென்றே எரித்தார்கள். கரும்புகை ஊரையே மூடியது. அது தேவையே இல்லை என்று அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024-ல் சொன்னது. சரக்கைத் தயாரித்த கம்பெனியின் நிபுணர்கள் ஆபத்தான வேதிவினை நடக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள், முடிவெடுத்தவர்கள் காதுக்கு அது போய்ச் சேரவில்லை.

கேள்வி: பேசாமல் இதையெல்லாம் லாரியில் அனுப்பினால் என்ன?

பதில்: வேண்டாம். நம் ரயில் டேங்கர் ஒன்றில் சுமார் 70 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். 50 பெட்டி என்றால், 20 ஆயிரம் லிட்டர் லாரிகள் 175 ரோட்டில் இறங்க வேண்டும்.

கேள்வி: ஓடும் வண்டி சரி, நிற்கும் வண்டியாலும் ஆபத்து வருமா?

பதில்: கனடாவில் வந்தது. 2013 ஜூலை, லாக்-மெகான்டிக். 72 டேங்கர்களில் கச்சா எண்ணெய், ஓட்டியவர் ஒரே ஆள். ராத்திரி மேட்டில் நிறுத்தி, ஏழே ஏழு கைப்பிரேக் போட்டு, ஏர் பிரேக்குக்கு அழுத்தம் குறையாமல் இருக்க ஓர் இன்ஜினை ஓடவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அந்த இன்ஜினில் தீப்பிடித்தது. அணைக்க வந்தவர்கள் இன்ஜினையும் நிறுத்த, காற்று மெல்ல இறங்க, வண்டி சரிவில் தானாக உருண்டு மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஊருக்குள் பாய்ந்தது. 47 பேர் செத்தார்கள். அபாயச் சரக்குக்கு ஒற்றை ஆள் கூடாது என்ற விதி, மெல்லிய டேங்கர்களுக்குப் பதில் தடித்த டேங்கர்கள், எல்லாம் அப்புறம்தான் வந்தன.

கேள்வி: தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாங்கள் என்ன செய்ய? (மறுபடி அரக்கோணம்)

பதில்: வண்டி கவிழ்ந்தால் வீடியோ எடுக்கப் போகாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, புகைக்குள் மாட்டாமல், சுற்றியாவது விலகிப் போங்கள். அதற்கு முன்னாலேயே, போகிற கூட்ஸில் ஒரு சக்கரம் சிவந்து புகைந்தாலோ, கீச்சென்று இழுத்தாலோ, பக்கத்து கேட்கீப்பரிடம் ஓடிச் சொல்லுங்கள். அவரிடம் ஸ்டேஷனுக்கு நேரடி போன் இருக்கிறது. கேட் தூரமென்றால் ரயில்வே உதவி எண் 139-க்கு போன் போடுங்கள்.