டடிங்ஸ்டன் சேற்றில் கிடந்த வாள்கள்

கேள்வி: எடின்பரோ நகரத்து டடிங்ஸ்டன் ஏரியில் வெண்கல வாள்களும் ஈட்டி முனைகளும் கிடைத்தனவாமே? தோற்று ஓடிய ஏதோ ஒரு படை, உறைந்த ஏரி உடைந்து மூழ்கியதன் மிச்சம்தானே அவை?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. அந்த ஆயுதங்களின் மேலிருக்கும் காயத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். சண்டையில் அடிபட்ட வாளின் விளிம்பில் வெட்டுக்குறிகள் இருக்கும். வாள் முழுசாகவே இருக்கும். டடிங்ஸ்டனில் கிடைத்த ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளோ வளைக்கப்பட்டவை, ஒடிக்கப்பட்டவை. சில தீயில் உருகியவை. வெண்கலம் குளிர்ந்திருக்கும்போது அடித்தால் வளையும், லேசில் முறியாது. தணலில் மங்கிய சிவப்பேறக் காய்ச்சிச் சூடு ஆறுமுன் அடித்தால் பட்டென்று முறியும். வெள்ளீயம் கலந்த செம்புக்கு அந்தச் சூட்டில் உறுதி போய்விடும். உலோகம் அறிந்த கை, வேண்டுமென்றே செய்த வேலை இது. காலம் ஏறத்தாழ கி.மு. 1000க்கும் 750க்கும் இடைப்பட்டது.

காணிக்கையா, உருக்கச் சேர்த்த பழைய உலோகமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நமக்குக் காணிக்கை என்றே படுகிறது. மறுபடி உருக்க நினைப்பவர் ஏரிக்குள் கொண்டுபோய்ப் போடுவாரா?

வழக்கு தீராததற்குக் காரணம் 1778இல் நடந்த வேலை. பிரஸ்டன்ஃபீல்டு பண்ணையின் உரிமையாளர் சர் அலெக்சாண்டர் டிக், ஏரியடியிலிருந்து வெள்ளைச் சேற்றை வாரி எடுக்கச் செய்தார். நத்தை ஓடுகளும் நீர்ப்பாசியும் காலங்காலமாகப் படியவிட்ட சுண்ணாம்புச் சேறு அது. புளித்த மண்ணில் பரப்பினால் புளிப்பு முறியும், வயல் தேறும். அந்த வாரலில்தான் வெண்கலம் வந்தது. ஆனால் வாரியபோதே அடுக்குகள் கலைந்துவிட்டன. எல்லாம் ஒரே நாளில் இட்டவையா, தலைமுறைகளாகச் சேர்ந்தவையா என்பதை இனிச் சேறு சொல்லாது. பெரிய இழப்பு.

ஏரி உறைவதைப் பற்றிச் சொன்னீர்கள். அது சரிதான். பழைய எரிமலையான ஆர்தர்ஸ் சீட் குன்றின் (251 மீட்டர்) அடிவாரத்தில், பனியாறு குடைந்த பள்ளத்தில் நிற்கும் ஆழமற்ற நீர் இது. அடி முதல் மேல் வரை 4 பாகைக்குக் குளிர்ந்த பிறகே ஏரியின் மேற்பரப்பு உறையத் தொடங்கும்; ஆழம் குறைந்தால் அதற்கு நாளும் குறைவு. சுமார் 230 மீட்டர் ஆழமுள்ள நெஸ் ஏரி உறையாததும் இதனால்தான். டடிங்ஸ்டனில் பனிமேல் கல் சறுக்கும் கர்லிங் விளையாட்டுக்கு 1795இல் சங்கமே அமைத்தார்கள். 1804இல் விதிகளை எழுதி வைத்தார்கள்.

வாள்களை டிக், 1780இல் தோன்றிய ஸ்காட்லாந்து தொல்பொருள் சங்கத்துக்குக் கொடுத்தார். அதற்கு வந்த முதல் அன்பளிப்பு அதுவே. இன்று சேம்பர்ஸ் தெருவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் உடைமை. அனுமதி இலவசம். போகிறவர்கள் விளிம்பை விட்டுவிட்டு, முறிந்த வாயையும் உருகி வழிந்த இடங்களையும் பாருங்கள்.