குறை சொன்னதும் விளக்கம் வருகிறதா? அங்கிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. பதினோரு வருடமாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். இரண்டு முறை பதவி உயர்வு கைநழுவிப் போய்விட்டது. காரணம் கேட்டேன். "உங்கள் வேலையில் குறை இல்லை. உங்களிடம் எதையும் எடுத்துச் சொல்லத்தான் முடியவில்லை" என்றார் மேலாளர். வேலைப்பளு அதிகம் என்பதால் சில நேரம் கோபப்பட்டிருக்கலாம். வீட்டில் மனைவியும் இதையே சொல்கிறார். முன்னேற்றத்தைத் தடுக்கும் குணங்கள் என்று ஒரு பட்டியல் படித்தேன். தள்ளிப்போடுவது, பொறாமை, முன்கோபம், பிறர்மேல் பழிபோடுவது என எல்லாமே என்னிடம் இருப்பதுபோல் தோன்றுகிறது. எதை முதலில் திருத்திக்கொள்வது?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரே நேரத்தில் நான்கு குணங்களோடு மல்லுக்கட்டினால் ஒன்றும் மாறாது, தன்மேல் வெறுப்புதான் மிஞ்சும். உங்கள் மேலாளரும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். குறையை எடுத்துச் சொன்னால் உங்களால் கேட்டுக்கொள்ள முடியவில்லை என்பதுதான் அது. இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற குணங்களெல்லாம் யாராவது சுட்டிக்காட்டினால்தான் நமக்கே தெரியவரும். அந்த வாசலை இந்த ஒன்று அடைத்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். மேலாளர் சொன்னதை எழுதிய அடுத்த வரியிலேயே "வேலைப்பளு அதிகம் என்பதால்" என்று வந்துவிடுகிறது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் உங்கள் கோபத்தைப் பற்றிப் பேசவே இல்லையே! அவர் சொன்னது முழுதாக உள்ளே இறங்குவதற்குள் விளக்கம் தயாராகிவிட்டது.

அலுவலகத்தில் இது இப்படித்தான் நடக்கும். சக ஊழியர் ஒருவர் உங்கள் மேசைக்கு வந்து, "இந்த அறிக்கையில் போன மாதக் கணக்கு விட்டுப்போயிருக்கே" என்கிறார். உடனே முகம் சூடாகிறது, நெஞ்சு படபடக்கிறது. "அந்த ஃபைல் என் கைக்கு வந்ததே சாயங்காலம்தான்" என்கிறீர்கள். "சரி சரி, பரவாயில்லை" என்று அவர் போய்விடுகிறார். உங்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. அவரைப் பொறுத்தவரை, அடுத்த முறை அதே தவறு கண்ணில் பட்டால் உங்களிடம் வரமாட்டார். தானே திருத்திவிடுவார், அல்லது மேலாளரிடம் போவார். இப்படி நான்கு பேர் ஒதுங்கிக்கொண்டால், உங்கள் தவறுகளைப் பற்றிக் கடைசியாகத் தெரிந்துகொள்ளும் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். கணக்கெடுத்தால் அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அந்தக் குழுக்களில் பயப்படாமல் தவறை வெளியே சொன்னார்கள் என்பதுதான் அதற்கு அவர் கண்ட விளக்கம். மேலாளர்கள் பதவி உயர்வுக்கு ஆள் தேடும்போது இதைத்தான் கவனிக்கிறார்கள் என்பது என் அனுபவம். பத்துப் பேரை வழிநடத்தப் போகிறவரிடம் அந்தப் பத்துப் பேரும் கெட்ட செய்தியைக் கொண்டுவர முடியவேண்டும்.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் உள்ள குறை என்று நினைத்துக் குமைய வேண்டாம். அடுத்தவர் தாமதமாக வந்தால் "பொறுப்பில்லாதவர்" என்கிறோம், நாம் தாமதித்தால் போக்குவரத்தைக் காரணம் காட்டுகிறோம். பிறர் நடத்தைக்குச் சூழ்நிலையைப் பாராமல் குணத்தையே காரணமாக்கும் இந்தச் சாய்வுக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-ல் 'அடிப்படைக் காரணப் பிழை' என்ற பொருளில் பெயர் வைத்தார். நம் சூழ்நிலை மட்டும் நமக்கு உள்ளும் புறமும் தெரியும், அதனால்தான் நம் விளக்கம் நமக்கு அவ்வளவு நியாயமாகப் படுகிறது.

பட்டியலில் இருந்த மற்றவற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். ஒரு வேலையைத் தொட்டாலே வரும் சங்கடத்திலிருந்து தப்பிக்கத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். அறிக்கையை அனுப்பினால் யாராவது குறை சொல்வார்களே என்ற பயம் இருக்கும்வரை அதை அனுப்ப மனம் வராது. பழிபோடுவதும் அதே பயத்தின் பிள்ளைதான். பொறாமையைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

சரி, என்ன செய்வது? 'இனிமேல் பொறுமையாகக் கேட்பேன்' என்ற சங்கல்பம் இரண்டு நாளுக்குமேல் தாங்காது. எந்தக் கணத்தில் என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்தால் நிறைவேற்றுவது எளிதாகிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன. அதனால் இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "யாராவது என் வேலையில் குறை சொன்னால், முதலில் அவர் சொன்னதை என் வாயால் திருப்பிச் சொல்வேன்." அவ்வளவுதான். "போன மாதக் கணக்கு விட்டுப்போச்சு, அப்படித்தானே?" இதைச் சொல்ல ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடியில் படபடப்பும் கொஞ்சம் தணியும், எதிரே இருப்பவருக்கும் தான் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று தெரியும். பிறகு ஒரே ஒரு கேள்வி: "வேறு எங்கேயாவது இப்படி இருக்கா?" நியாயமான விளக்கம் உங்களிடம் இருந்தால் அதை மறுநாள் சொல்லலாம். ராத்திரி தாண்டியும் அது நியாயமாகவே தோன்றினால் சொல்லுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

எத்தனை நாளில் பழகும் என்று எல்லோரும் கேட்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னியல்பாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. ஒரு நாள் தவறினாலும் பெரிய பின்னடைவு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. அவர்கள் பழகியது தினசரி சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற எளிய செயல்கள். உங்களுடையது கடினம் என்பதால் நாட்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். சில அலுவலகங்களில் தவறை ஒப்புக்கொண்டவரைத்தான் பலிகடா ஆக்குவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பல வருடம் இருந்தவருக்கு விளக்கம் சொல்வது ஒரு கவசம். சின்ன வயதில் ஒவ்வொரு தப்புக்கும் பலர் முன்னால் அவமானப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். உங்கள் இடம் அப்படியா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் வீட்டிலும் அதே பேச்சு வருகிறதென்றால், அலுவலகத்தை மட்டும் காரணம் காட்ட முடியாது. இதோடு தூக்கமின்மை, எதிலும் ஈடுபாடில்லாத சோர்வு எல்லாம் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், குணத்தைத் திருத்துவதை நிறுத்திவைத்து, முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பயிற்சியை மேலாளரிடம் தொடங்க வேண்டாம், அங்கே பதற்றம் அதிகம். மனைவியிடம் தொடங்குங்கள். "என்னிடம் ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "நீ சொல்லவந்து, நான் கேட்கமாட்டேன் என்று சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று சொல்லு" என்று கேளுங்கள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள், அன்றைக்கு அதற்குமேல் பேசாதீர்கள். முதல் முறை அவர் பெரிய விஷயத்தைச் சொல்லமாட்டார். சின்னதாக ஒன்றைச் சொல்லி உங்கள் முகத்தைப் பார்ப்பார்.