தாட்சண்யத்துக்கு எத்தனை மார்க்?

சேவைத் தரம், வாடிக்கையாளர் தேர்வு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு எங்கள் ஆய்வுக் குழு தரும் பதில்கள். இந்த முறை வந்த கடிதங்களில் தாய்லாந்து அடிக்கடி தலைகாட்டுகிறது. அங்கே இந்தத் துறையில் ஆய்வேடுகள் மலைபோலக் குவிந்திருப்பதால் அதில் வியப்பில்லை.

எம்.பி.ஏ. இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் சேவைத் தரம்தான் ப்ராஜெக்ட். உறுப்பினர்கள் 1,200 பேர். நான் பார்த்த தாய்லாந்து ஆய்வேடுகளில் எல்லாம் 400 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் 400 பேரைப் பிடிக்க வேண்டுமா?
– மாணவி, நாகமலை புதுக்கோட்டை

வேண்டாம். அந்த 400 தாரோ யமானே என்ற புள்ளியியலாளரின் சூத்திரத்தில் பிறந்தது. மொத்த எண்ணிக்கையை 0.0025ஆல் பெருக்கி, 1 கூட்டி, வந்ததைக் கொண்டு மொத்த எண்ணிக்கையை வகுக்க வேண்டும் (5 சதவீதப் பிழைக்கு). உங்கள் சங்கத்துக்கு 1,200 × 0.0025 = 3. ஒன்று கூட்டினால் 4. ஆக 1,200 ÷ 4 = 300 பேர். மொத்தம் லட்சக்கணக்கில் போனால் விடை 400ஐ ஒட்டி நின்றுவிடும், மேலே ஏறாது. பாங்காக் வாடிக்கையாளர்களைப் பற்றி யார் எழுதினாலும் 400 வருவது இதனால்தான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால்தான் இந்தச் சூத்திரம் செல்லும். நகைக்கடன் கொடுக்கும் நாளில் சங்க வாசலில் நின்று 300 தாள் நிரப்பினால், அது அன்றைக்கு வந்தவர்களின் கருத்து, அவ்வளவுதான். உறுப்பினர் பதிவேட்டை வாங்குங்கள். 1 முதல் 4 வரை சீட்டுப் போட்டு ஒரு எண் எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு நான்காவது பெயராகக் குறியுங்கள். குறித்த ஆள் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு நாள் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்து எழுதி வாங்காதீர்கள். பல ப்ராஜெக்டுகள் கெடுவது அந்த இடத்தில்தான்.

கேள்வித்தாளுக்கு வருவோம். சேவைத் தரத்தை அளக்க பரசுராமன், ஸைதாமல், பெர்ரி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட 22 கேள்விகளைத்தான் நீங்களும் எடுத்திருப்பீர்கள். (பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.) கண்ணில் படும் வசதி, சொன்னதைச் செய்வது, தாமதிக்காமல் கவனிப்பது, நம்பிக்கை ஊட்டுவது, ஆளறிந்து அக்கறை காட்டுவது என ஐந்து கூறுகள். எதிர்பார்ப்பை ஒரு முறை, கிடைத்ததை ஒரு முறை என இரண்டு தடவை கேட்டால் 44 பதில். வயலிலிருந்து வந்தவர் இருபதாவது கேள்வியைத் தாண்டியதும் ஒரே கட்டத்தில் வரிசையாக டிக் அடிக்க ஆரம்பித்துவிடுவார். கிடைத்ததை மட்டும் கேட்டால் போதும் என்று குரோனினும் டெய்லரும் 1992இலேயே வாதிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அதுவே தோது.

அகராதித் தமிழில் மொழிபெயர்க்காதீர்கள். ‘நிறுவனம் பரிவுணர்வுடன் செயல்படுகிறதா’ என்றால் யாருக்கும் புரியாது. ‘உங்களுக்குத் தோதான நேரத்தில் சங்கம் திறந்திருக்கிறதா’ என்று கேளுங்கள். எதிர்மறை வாக்கியமும் வேண்டாம். ‘சொன்ன தேதியில் பணம் தருவதில்லை’ என்பதற்கு ஒருவர் ‘ஆமா’ என்றால், தருகிறார்கள் என்கிறாரா, தருவதில்லை என்கிறாரா என்று உங்களுக்கே தெரியாது. மூலக் கேள்விகளில் இருந்த எதிர்மறை வாக்கியங்களையும் ஆசிரியர்கள் 1991இல் நேராக மாற்றிவிட்டார்கள்.

தாய்லாந்து மாணவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று முதல் ஐந்து நிபுணர்களிடம் +1 (பொருந்தும்), 0 (உறுதியில்லை), -1 (பொருந்தாது) என மதிப்பு வாங்கி, சராசரி 0.5க்குக் கீழே போனால் திருத்துவார்கள் அல்லது நீக்குவார்கள். பிறகு 30 பேரிடம் வெள்ளோட்டம் விட்டு க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) பார்ப்பார்கள். 0.7க்கு மேல் இருக்க வேண்டும். 0.95ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம், ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்க வாய்ப்புண்டு. கடைசியாக ஒரு சின்ன விஷயம்: தாய் ஆய்வேடுகளின் ஆண்டு புத்த சகாப்தத்தில் இருக்கும். 543 கழியுங்கள். 2558 என்றால் 2015. கழிக்காமல் மேற்கோள் பட்டியலில் போட்டால் வைவாவில் சிரிப்பார்கள்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் லாட்ஜ் நடத்துகிறேன். காலி செய்யும் எல்லோரிடமும் கருத்துப் படிவம் வாங்குகிறோம். ஐந்துக்குச் சராசரி 4.3. ஆனால் ஒரு முறை வந்தவர் மறுமுறை வருவதில்லை. எங்கே தப்பு?
– லாட்ஜ் உரிமையாளர், மதுரை

படிவத்தை யார் நீட்டுகிறார்? ரிசப்ஷனில் இருக்கும் பையன், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது. அவன் முகத்துக்கு நேரே 2 போட யாருக்கு மனசு வரும்? தாய் மொழியில் இதற்கு ‘கிரெங் ஜாய்’ என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் தரக் கூசும் குணம். நம் தாட்சண்யம் அதற்கு மிக நெருக்கம். அங்கத்திய ஓட்டல் ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும். அவர்கள் 1 முதல் 5 வரையான அளவை 0.8 வீதம் ஐந்தாகப் பிரித்து, 4.21க்கு மேல் வந்தால் ‘மிக அதிகத் திருப்தி’ என்று எழுதுவார்கள். அந்தக் கணக்குப்படி உங்கள் லாட்ஜுக்கும் மிக அதிகத் திருப்திதான்!

சராசரி எதை மறைக்கிறது என்று பாருங்கள். 100 படிவத்தில் 80 பேர் 5, 10 பேர் 2, 10 பேர் 1 போட்டாலும் சராசரி 4.3 வரும். ஐந்தில் ஒருவர் கோபத்தோடு போயிருக்கிறார். ஆகவே 1, 2 போட்டவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களின் படிவங்களைக் கலக்க வேண்டாம், அப்போது எந்த லாட்ஜும் நிரம்பும்.

படிவத்தையும் மாற்றுங்கள். திருப்தியா என்று கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். ‘காலை 5 மணிக்குச் சுடுதண்ணீர் வந்ததா: வந்தது, வரவில்லை, பார்க்கவில்லை.’ ‘ரூம் பாயைக் கூப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தார்?’ ‘சொன்ன வாடகைக்கும் பில்லுக்கும் வித்தியாசம் இருந்ததா?’ நடந்ததைச் சொல்வதில் தாட்சண்யம் குறைவு. ஆள் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அறை எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். சோலார் ஹீட்டர் வைத்த கட்டடங்களில் குழாயின் கடைசியில் இருக்கும் அறைகளுக்குத்தான் விடிகாலையில் பச்சைத் தண்ணீர் வரும். மொத்தச் சராசரியில் அது தெரியவே தெரியாது.

இன்னொன்று இதைவிடப் பெரிது. உங்கள் படிவம் உங்களைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் மட்டும் கேட்கிறது. வாசல் வரை வந்து வாடகை கேட்டுவிட்டு அடுத்த லாட்ஜுக்குப் போனவர் அதில் இல்லை. விலை, இடம், ஊழியர் என ஏழு காரணிகளை அடுக்கி, ‘தேர்வை இவை பாதிக்கின்றன’ என்று முடிக்கும் ஆய்வுகள் பலவற்றிலும் இந்த ஓட்டை உண்டு. அதை அடைக்க எட்டு அட்டை போதும். ஒவ்வொரு அட்டையும் ஒரு கற்பனை லாட்ஜ், அதில் நான்கு விவரம்: வாடகை (900 அல்லது 1,200 ரூபாய்), கோயிலுக்கு நடை (5 அல்லது 15 நிமிடம்), விடிகாலைச் சுடுதண்ணீர் (உண்டு, இல்லை), காலி செய்யும் நேரம் (வந்ததிலிருந்து 24 மணி, பகல் 12 மணி). நான்கு அம்சம், இரண்டு நிலை என்றால் 16 சேர்க்கை. ஒவ்வொரு நிலையும் நான்கு அட்டையில் வரும்படி, இரண்டு அம்சங்கள் எப்போதும் ஜோடியாகவே வராதபடி எட்டைப் பொறுக்குங்கள். ரயில் நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர் 50 பேரிடம் பிடித்த வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர் உள்ள நான்கு அட்டைகளின் சராசரி இடத்துக்கும் இல்லாதவற்றின் சராசரி இடத்துக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு அதன் மதிப்பு. மற்ற மூன்றுக்கும் அதே கணக்கு. எதில் பணம் போடுவது என்று அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

தாய்லாந்தில் ஊர்ப் பொருட்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்களாமே? நம் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கும்போது அது தேவையா?
– சேலை வியாபாரி, மதுரை

இரண்டும் வேறு. புவிசார் குறியீடு ‘இது இந்த ஊர்ச் சரக்கு’ என்று சொல்லும். தாய்லாந்தின் ஓடாப் (ஊருக்கு ஒரு பொருள்) திட்டம் 2001இல் தொடங்கியது, ஜப்பானின் ஒய்டா மாகாணத்து முயற்சியைப் பார்த்து வந்தது. அங்கே ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை பொருளின் தரத்தைச் சொல்லும். வாங்குபவருக்கு இரண்டாவதுதான் கவலை: சாயம் போகுமா? அரசுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு சாயக் கட்டிலிருந்தும் விரல் நீளத் துண்டு வெட்டி, வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் அலசிக் காயவையுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தக் கட்டைத் தனியே வையுங்கள். ஏறாதவற்றுக்கு அந்தத் துண்டையே கடையில் தொங்கவிடுங்கள். எந்த நட்சத்திரத்தையும்விட வாடிக்கையாளர் அதை நம்புவார்.

பாங்காக்கின் பும்ருங்ராட் மருத்துவமனை 2002இலேயே ஆசியாவில் முதலாவதாக ஜே.சி.ஐ. என்ற சர்வதேச மருத்துவமனைத் தர அங்கீகாரம் வாங்கியதாமே. 20 படுக்கை கொண்ட எங்கள் மருத்துவமனை எதில் தொடங்கலாம்?
– நிர்வாகி, மேலூர்

சான்றிதழில் தொடங்காதீர்கள். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கையோடுதான் தொடங்கியது. அளவு தடையில்லை. சிகிச்சை சரியா என்று நோயாளியால் பெரும்பாலும் எடைபோட முடியாது. காத்திருந்த நேரத்தை மட்டும் எல்லோராலும் சொல்ல முடியும். முதலில் அதை அளவெடுங்கள்.

ஒரு திங்கட்கிழமை 50 டோக்கன் சீட்டில் நான்கு நேரம் எழுதுங்கள்: டோக்கன் வாங்கியது, மருத்துவர் அறைக்குள் போனது, பரிசோதனை முடிவு வந்தது, மருந்து கைக்கு வந்தது. அந்தந்த இடத்து ஊழியரே எழுத வேண்டும், சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பக் கூடாது. நான்கு நேரத்துக்கு இடையே மூன்று இடைவெளி. எது பெரிதோ அதில் மட்டும் கை வையுங்கள். மருத்துவரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், சீட்டைப் பார்த்தால் மருந்து கவுண்டரில் தேங்கியிருக்கும்.

அரசு அலுவலகங்களிலும் புதுமை என்று தாய்லாந்தில் எதாவது செய்தார்களா?
– உசிலம்பட்டி வாசகர்

செய்தார்கள், கம்ப்யூட்டர் வாங்கி அல்ல. 2015இல் வந்த உரிமம் வழங்கல் வசதிச் சட்டப்படி ஒவ்வொரு அலுவலகமும் என்னென்ன ஆவணம், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று கையேடு வெளியிட வேண்டும். மனு வாங்கும்போதே குறையைச் சொல்லிவிட வேண்டும். வாங்கிய பிறகு புதிதாக ஒரு சான்றிதழ் கேட்டு அலைய விடக் கூடாது. கெடு தாண்டினால் காரணத்தை 7 நாளுக்கு ஒரு முறை மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.