நூறுக்குள் ஒரு ரேங்க், நாற்பது லட்சம் கடன்

கேள்வி: என் மகன் பி.டெக். கெமிக்கல் முடித்திருக்கிறான். இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்.சி. படிக்க இடம் வந்திருக்கிறது. உலகத் தரவரிசையில் முதல் 100-க்குள் வரும் பல்கலைக்கழகம். எல்லாம் சேர்த்து 40 லட்சம் ஆகும். காரைக்குடி மனையை வைத்துக் கடன் வாங்க வேண்டும். கேட் நுழைவுத் தேர்வு எழுதி, மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்லூரியான ஒரு என்.ஐ.டி.யில் எம்.டெக். இடமும் கிடைத்திருக்கிறது. "அது உலகப் பட்டியலில் எங்கேயோ கிடக்கிறது" என்கிறார் என் மைத்துனர். பெண் கேட்டுப் போகும் இடத்திலும் ரேங்க்தான் முதல் விசாரணை. ரேங்கை நம்பி அனுப்பலாமா?
– ஒரு தகப்பனார், தேவகோட்டை

பதில்: முதலில் மைத்துனர் கணக்கை முடித்துவிடுவோம். அவர் சொல்லும் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று என்றைக்காவது பார்த்திருப்பாரா? லண்டன் நிறுவனம் ஒன்று வெளியிடும் க்யூ.எஸ். உலகப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பதிப்பிலிருந்து அதில் 100-க்கு 30 மதிப்பெண், உலகமெங்கும் உள்ள கல்வியாளர்களிடம் "உங்கள் துறையில் எந்தப் பல்கலைக்கழகம் சிறப்பு?" என்று கேட்டு வாங்குவது. இன்னொரு 15, வேலை கொடுப்பவர்களிடம் கேட்டு வாங்குவது. ஆக 45 மதிப்பெண் ஊர்ப்பேச்சு. படித்தவர்களின் ஊர்ப்பேச்சு, சரி, ஆனாலும் ஊர்ப்பேச்சுதான். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிறர் எடுத்தாண்டதற்கு 20. எத்தனை மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பதற்கு 10. வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்கூட இல்லை. நீங்கள் 40 லட்சம் கொடுத்து வாங்கப் போவது அந்த வகுப்பைத்தான்.

அப்புறம், கணக்கை எழுதுவது யார் என்று பாருங்கள். நம் பக்கத்து ஆட்கள் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்தப் போன காலத்தில், கடையிலிருந்து வரும் ஐந்தொகையை (வரவு, செலவு, இருப்பு எல்லாம் தொகுத்த கணக்கை) முதலாளி அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட மாட்டார். பேரேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் வெற்றிலையே போடுவார். தரவரிசைக்குப் போகும் தகவல்களில் ஒரு பகுதி கல்லூரியே தன்னைப் பற்றி எழுதி அனுப்பும் ஐந்தொகை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் 2021 செப்டம்பரில் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கு யு.எஸ். நியூஸ் நிறுவனம் போடும் பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது. அங்கேயே கணக்குப் பாடம் நடத்தும் மைக்கேல் தாடியஸ் என்ற பேராசிரியர் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டினார். இளங்கலை வகுப்புகளில் 82.5 சதவீதம் 20 பேருக்குக் குறைவானவை என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. அவர் பார்த்ததில் அது 67-ஐத் தாண்டவில்லை. அடுத்த செப்டம்பரில் கொலம்பியா 18-ஆம் இடம். நடுவில் அங்கே ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. அந்த ஒரு வருடத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் மூளை பதினாறு படி இறங்கிவிட்டதா என்ன?

நம் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. 2020-இல் சென்னை உட்பட ஏழு ஐ.ஐ.டி.கள், கணக்குப் போடும் விதம் வெளிப்படையாக இல்லை என்று சொல்லி டைம்ஸ் உலகப் பட்டியலிலிருந்து விலகின. அடுத்து வந்த பட்டியலில் சென்னை ஐ.ஐ.டி. இல்லை. அதே ஐ.ஐ.டி. 2019 முதல் நம் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எப். ஒட்டுமொத்தப் பட்டியலில் வருடா வருடம் முதலிடம். உங்கள் மைத்துனரின் அளவுகோலை வைத்தால் சென்னை ஐ.ஐ.டி.யும் "எங்கேயோ கிடக்கிற" கல்லூரிதான்.

காரைக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-இல் திறந்தது. அங்கே பி.டெக். படிக்கும் பிள்ளைக்குப் பட்டம் கொடுப்பது அண்ணா பல்கலைக்கழகம். தமிழ்நாடு முழுக்க அதோடு இணைந்த நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளிலும் அதே பெயர்தான். மின்வேதியியல் விஞ்ஞானிகளோடு ஆய்வகத்தில் நின்றவனுக்கும், ஆய்வகத்தைப் பரிசோதனைக் குழு வரும் அன்றைக்கு மட்டும் திறக்கிற கல்லூரியில் படித்தவனுக்கும் பட்டத்தில் ஒரே முத்திரை. பல்கலைக்கழகத்தின் ரேங்க் இந்த இருவரில் யாரைப் பற்றிச் சொல்கிறது?

இவ்வளவு சொன்னதால் பெரிய பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் எழுதியதாக ஊரில் சொல்லிவிடாதீர்கள். பெயருக்கு மதிப்பு இல்லாவிட்டால் விலாசம் (கடையின் பெயர்) என்ற வார்த்தைக்கு நம் ஊரில் ஏது வேலை? பெரிய விலாசத்தில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தவனுக்கு அடுத்த கடையில் ஒரு படி மரியாதை கூடத்தான் செய்யும். அமெரிக்காவில் இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சின்னக் கல்லூரிக்குப் போனவர்களையும் பெரிய கல்லூரியிலேயே சேர்ந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கெட்டிக்காரன் எங்கே படித்தாலும் கெட்டிக்காரன் என்று ஆனது. விலக்கு ஒன்று உண்டு: ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே கைகொடுத்தது. மாமா, சித்தப்பா என்று வேலைக்குச் சொல்லிவிட ஆள் இல்லாதவனுக்குக் கல்லூரிப் பெயரே மாமா.

2023-இல் ராஜ் செட்டி (தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பிறந்தது டெல்லியில்) இரண்டு பேரோடு சேர்ந்து இன்னொரு கணக்குப் போட்டார். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற 12 கல்லூரிகளை நல்ல அரசுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டார்கள். சராசரி வருமானம் அவ்வளவாக மாறவில்லை. ஆனால் உச்சத்தில் இருக்கும் ஒரு சதவீத வருமானக்காரர் ஆகும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி கூடியது. அதாவது, வாசல் குறுகலாக இருக்கும் இடத்தில்தான் விலாசம் வேலை செய்கிறது. அதுவும் அந்தப் பன்னிரண்டு பெயருக்கு. பட்டியலில் 90-ஆம் இடமா, 190-ஆம் இடமா என்ற வித்தியாசத்துக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை.

ரேங்க் நேரடியாகக் காசாகும் இடமும் ஒன்று இருக்கிறது, நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் அரசு 2022-இல் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஒரு தனி விசா கொண்டுவந்தது. மூன்று உலகப் பட்டியல்களில் குறைந்தது இரண்டில் முதல் 50-க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும் என்றது அப்போதைய விதி. முதலில் வந்த அந்தப் பட்டியலில் ஒரு இந்தியக் கல்லூரியும் இல்லை. வெளியாள் போட்ட பட்டியலை அரசாங்கமே வாசலில் மாட்டிவிட்டால், நாம் சிரித்து என்ன செய்ய?

இனி உங்கள் 40 லட்சம். நூற்றுக்குப் பத்து வட்டி என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4 லட்சம், மாதம் 33,000-க்கு மேல், அசல் தொடாமல். வட்டிக் கணக்கை இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லிக்கொடுத்தால் தாளை மடித்து என் மேலேயே எறிவார்கள். மறுபக்கம், கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்கிறவனுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை; இரண்டு வருடத்தில் 3 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இங்கிலாந்தில் படிப்பு முடிந்ததும் வேலை தேடத் தங்கும் காலம் 2 வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம். ஒரு வருடப் படிப்பு, ஒன்றரை வருடத் தேடல், மனைப் பத்திரம் பேங்கில். அந்த ரேங்க் 100-க்குள் இல்லாமல் பத்துக்குள் இருந்தாலும் வட்டி அதே தேதிக்குத்தான் ஏறும்.

பெண் வீட்டார் ரேங்க் கேட்கிறார்கள் என்றீர்கள். முகப்பைப் பார்த்துவிட்டுத்தான் யாரும் வளவுக்குள் வருவார்கள், தப்பில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கப் போவது சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்றுதான். அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பணம் கட்டும் முன் ஒரு நாள் மகனையே சிக்ரிக்கு அனுப்புவேன். தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறினால் போதும். கெமிக்கல் படித்தவன்; பேட்டரி, உலோக அரிமானம் என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் மாணவர்களிடம் இங்கிலாந்துத் துறை, என்.ஐ.டி. துறை இரண்டின் பெயரையும் சொல்லி, "அங்கே யார் இருக்கிறார்கள், என்ன வேலை நடக்கிறது?" என்று கேட்கட்டும். அவர்கள் ரேங்க் சொல்ல மாட்டார்கள். ஆள் பெயர் சொல்வார்கள். அப்புறம் அந்த இங்கிலாந்துத் துறையில் போன வருடம் முடித்த மூன்று பேரைத் தேடிப் பிடித்து, இப்போது எங்கே, என்ன சம்பளம் என்று கேட்கட்டும். மூன்றாவது ஆளிடம் கேட்கும்போது உண்மை வெளியே வந்துவிடும்.

ஒரே ஒரு சந்தேகம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மைத்துனர் சொன்னது இருக்கிறது, பெண் வீட்டார் கேட்டது இருக்கிறது, மனை இருக்கிறது. என்ன படிக்க ஆசை என்று மகன் சொன்னது ஒரு வரிகூட இல்லையே? அவனையே எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழில் இடம் வைக்கிறேன்.